ஈ.கோலி: பெயர் முதல் ரிப்போர்ட் வரை, படிப்படியாக

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டி, "தம்பி, போர் தண்ணியில ஈ.கோலி இருக்குன்னு வந்திருக்கு, இது எவ்வளவு மோசம்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடிவிட்டது, அப்போதும் பாதிதான் சொல்லி முடித்திருந்தேன். காரணம், அந்த ஒரே பாக்டீரியாவின் பெயருக்குள் அக்காவின் குடலிலேயே பிறந்த நாளிலிருந்து குடியிருக்கும் ஜீவனும் இருக்கிறது, ஒரு குழந்தையின் சிறுநீரகத்தை நிறுத்திவிடக்கூடிய ஜீவனும் இருக்கிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் செய்து தரும் ஜீவனும் இருக்கிறது. மூன்றும் ஒரே சிற்றினம்.

ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நுண்ணுயிரியல் படிப்பவர்கள், ஆய்வக நுட்பப் படிப்பான டி.எம்.எல்.டி. பிள்ளைகள், கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள், மூன்று பேருக்கும் உதவும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே வரும் சாயம் ஏற்றுவது, வளர்ப்பது எல்லாம் ஆய்வகத்தில், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. வீட்டில் கல்ச்சர், அதாவது பாக்டீரியா வளர்ப்பு, செய்து பார்க்காதீர்கள், தட்டில் எது வளர்ந்திருக்கிறது என்று உங்களால் வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

முதல் படி: முகவரியை எழுதிக்கொள்ளுங்கள்

முழுப் பெயர் எஷெரிக்கியா கோலி. முதல் பாதி தியோடர் எஷெரிஷ் என்ற குழந்தை மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பச்சிளம் குழந்தைகளின் மலத்தை எடுத்து, அதில் என்னென்ன பாக்டீரியா எந்த வரிசையில் வந்து குடியேறுகின்றன என்று பொறுமையாகப் பார்த்தவர் அவர். 1885-ல் அதை வெளியிட்டபோது முக்கியமாக இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஒன்றுக்கு பாக்டீரியம் கோலி கம்யூன் என்று பெயர் வைத்தார், அதாவது பெருங்குடலில் பொதுவாகக் காணப்படும் பாக்டீரியா. மற்றொன்று பாக்டீரியம் லாக்டிஸ் ஏரோஜீனஸ், அதை இன்று க்ளெப்சியெல்லா என்ற பேரினத்தில் வைத்திருக்கிறோம். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் மறுபடியும் சேர்ந்தே வரும். எஷெரிஷ் 1911-ல் இறந்த பிறகு, 1919-ல்தான் அவர் பெயரைப் பேரினத்துக்கு வைத்தார்கள். கோலி என்றால் பெருங்குடலைச் சேர்ந்தது என்று பொருள், அவ்வளவுதான்.

மேலிருந்து கீழே முகவரி இப்படிப் போகும்: பாக்டீரியா என்ற பெரும்பிரிவு, அதில் சூடோமோனடோட்டா என்ற தொகுதி, காமாபுரோட்டியோபாக்டீரியா என்ற வகுப்பு, என்டெரோபாக்டெரேல்ஸ் என்ற வரிசை, என்டெரோபாக்டீரியேசி என்ற குடும்பம், எஷெரிக்கியா என்ற பேரினம், கோலி என்ற சிற்றினம். உங்கள் புத்தகத்தில் தொகுதியின் பெயர் புரோட்டியோபாக்டீரியா என்று இருந்தால் பதறாதீர்கள், 2021-ல் பெயரை முறைப்படுத்தும்போதுதான் சூடோமோனடோட்டா என்று மாறியது. அதே போல 2016-ல் வரிசையைச் சீரமைத்தபோது இந்தக் குடும்பத்திலிருந்து சிலர் தனிக்குடித்தனம் போனார்கள். பிளேக் நோயைத் தரும் யெர்சினியா அவர்களில் ஒன்று. டைபாய்டு தரும் சால்மோனெல்லாவும் க்ளெப்சியெல்லாவும் இன்னும் ஈ.கோலியோடு ஒரே குடும்பத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாம் படி: உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது ஒரு சின்னக் குச்சி. நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர், அகலம் அதில் பாதிக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் 500 குச்சிகளை வரிசையாகப் படுக்க வைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் வளைய டி.என்.ஏ-வை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும், அதாவது தன் உடம்பைவிட எழுநூறு மடங்குக்கு மேல் நீளமான நூலைச் சுருட்டி மடக்கி உள்ளே வைத்திருக்கிறது, அதுவும் சிக்கு விழாமல். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன்.

வெளியே சவ்வு இரண்டு அடுக்கு. நடுவில் மெல்லிய பெப்டிடோகிளைக்கான் சுவர், அதற்கு மேலே வெளிச்சவ்வு, அந்தச் சவ்வின் மேற்பரப்பில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகள். இந்தச் சர்க்கரைச் சங்கிலிதான் பின்னால் வகை பிரிக்க உதவப் போகிறது. உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் கசையிழைகள் உண்டு, அவை ஒரே திசையில் சுற்றும்போது கற்றையாகச் சேர்ந்து நேராக ஓடும், திசை மாறிச் சுற்றினால் கற்றை பிரிந்து செல் அதே இடத்தில் புரளும். ஓட்டம், புரளல், ஓட்டம் என்றுதான் அது உணவிருக்கும் பக்கம் போய்ச் சேருகிறது. ஒட்டிக்கொள்ள ஃபிம்பிரியா என்ற குட்டி மயிர்கள் தனியாக உண்டு. ஸ்போர் என்ற கெட்டி உறங்கு நிலை இதற்குக் கிடையாது. தண்ணீரை நன்றாகத் தளதளவெனக் கொதிக்க வைத்தால் செத்துவிடுவது அதனால்தான்.

காற்று இருந்தாலும் வாழும், இல்லாவிட்டாலும் வாழும். நம் வாழ்க்கையில் இதன் பங்கைப் புரிந்துகொள்ள இந்தக் குணம் முக்கியம். பிறந்த குழந்தையின் குடலில் ஆக்சிஜன் கொஞ்சம் இருக்கும், அந்தச் சூழலில் ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகும் பாக்டீரியாக்கள் குடியேற முடியாது. முதல் நாட்களில் வந்து இறங்கும் ஈ.கோலி போன்றவை அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்து, பின்னால் வரப்போகும் பெரிய கூட்டத்துக்கு இடத்தைத் தயார் செய்கின்றன. அந்தக் கூட்டம் வந்த பிறகு இது சிறுபான்மையாகிவிடும். பெரியவர்களின் மலத்தில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கும் என்றால் அதில் ஈ.கோலி சுமார் பத்துக் கோடிதான், ஆயிரத்தில் ஒன்று. "குடலில் அதிகம் இருப்பது ஈ.கோலி" என்று நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள், தவறு. காற்றில் வைத்தால் தட்டில் எளிதாக வளர்வது அது என்பதால் அந்தக் காலத்தில் அதுவே கண்ணில் பட்டது.

வேகத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 37 டிகிரி சூடு, நல்ல சத்துள்ள திரவம், காற்றோட்டம் எல்லாம் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும், பத்து மணி நேரத்தில் 107 கோடியைத் தாண்டும். இதில் ஒரு புதிர் இருக்கிறது: அதன் டி.என்.ஏ-வை ஒரு முறை முழுதாக நகலெடுக்கவே சுமார் 40 நிமிடம் ஆகும், அப்புறம் எப்படி 20 நிமிடத்தில் பிரிய முடியும்? ஒரு நகல் முடிவதற்குள் அடுத்த நகலைத் தொடங்கிவிடுகிறது, அதாவது மகள் பிறப்பதற்கு முன்பே பேத்திக்கான நகல் வேலை நடந்துகொண்டிருக்கும். குடலுக்குள் இந்த வேகம் கிடையாது, அங்கே போட்டி அதிகம், சோறு குறைவு.

மூன்றாம் படி: சாயம் ஏற்றிப் பாருங்கள்

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் பெர்லினில் கண்டுபிடித்த முறை இது, இன்றைக்கும் எந்த ஆய்வகத்திலும் முதல் வேலை இதுதான். சுத்தமான ஸ்லைடில் ஒரு துளி நீர் வைத்து, லூப் என்ற கம்பி வளையத்தால் காலனியை (தட்டில் குவியலாக வளர்ந்த பாக்டீரியா) மிகக் கொஞ்சமாகத் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். தானாகக் காயட்டும், பிறகு தீயின் மேல் இரண்டு மூன்று முறை காட்டி ஒட்ட வையுங்கள். கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், கழுவுங்கள். அயோடின் 1 நிமிடம், கழுவுங்கள். ஆல்கஹால் 10 முதல் 20 விநாடி, உடனே கழுவுங்கள். கடைசியாக சாஃப்ரனின் 1 நிமிடம், கழுவி, ஒற்றி எடுத்து, எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

ஈ.கோலி இளஞ்சிவப்புக் குச்சிகளாகத் தெரியும், அதாவது கிராம் நெகட்டிவ். ஆல்கஹால் வெளிச்சவ்வைக் கரைத்துவிடும், சுவரும் மெல்லியது, எனவே உள்ளே போன ஊதா நிறம் தங்காமல் வெளியேறிவிடும், பிறகு போட்ட சிவப்பு மட்டும் நிற்கும். தடித்த சுவர் உள்ளவை ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவை கிராம் பாசிட்டிவ்.

மாணவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் ஆல்கஹால் படியில்தான். கொஞ்சம் கூடினால் எல்லாமே சிவப்பாகிவிடும், குறைந்தால் எல்லாமே ஊதா. பூச்சு தடிமனாக இருந்தாலும் இதே கதி. தடித்த சுவர் உள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் பூச்சு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துச் செய்யுங்கள், அது ஊதாவாக வந்தால்தான் உங்கள் சிவப்பை நம்பலாம்.

இந்தப் படி முடிந்தாலும் இது ஈ.கோலி என்று சொல்ல முடியாது. சால்மோனெல்லா, க்ளெப்சியெல்லா எல்லாமே இதே சிவப்புக் குச்சிகள்தான்.

நான்காம் படி: தட்டில் வளர்த்துப் பாருங்கள்

மெக்கான்கி அகார் (பாக்டீரியா வளர்க்கும் ஒரு வகைக் கூழ்) தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் இருக்கும், அவை கிராம் பாசிட்டிவ் கூட்டத்தை அடக்கிவிடும். பித்தநீர் வந்து சேரும் குடலில் வாழ்ந்து பழகியவற்றுக்கு அது பெரிய விஷயமில்லை. கூடவே பால் சர்க்கரையான லாக்டோஸும், அமிலம் பட்டால் சிவக்கும் நியூட்ரல் ரெட் சாயமும் உண்டு. தனித்தனிக் காலனி கிடைக்கும்படி லூப்பால் கோடு இழுத்து, தட்டைக் கவிழ்த்து 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தால், ஈ.கோலி லாக்டோஸைப் புளிக்க வைத்து அமிலம் விட்டு, தட்டையான அடர் இளஞ்சிவப்புக் காலனிகளாக நிற்கும். சால்மோனெல்லா நிறமில்லாமல் வெளிறி இருக்கும். இ.எம்.பி. என்ற இன்னொரு வகை அகார் என்றால் ஈ.கோலி காலனி மீது வண்டின் முதுகு போலப் பச்சை உலோகப் பளபளப்பு வரும், ஒரு முறை பார்த்தால் மறக்காது.

லாக்டோஸைச் சாப்பிடுவது சாதாரண விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஈ.கோலிக்கு குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்த்துக் கொடுத்தால் முதலில் குளுக்கோஸை முடிக்கும், கொஞ்ச நேரம் வளர்ச்சி நின்று போகும், அதன் பிறகுதான் லாக்டோஸுக்கான நொதிகளைச் செய்து அடுத்த சுற்றைத் தொடங்கும். இந்தச் சின்ன இடைவெளி ஏன் என்று தோண்டிப் போன ஜாக் மோனோவும் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் மரபணுவை அணைக்கவும் இயக்கவும் ஒரு சுவிட்ச் உண்டு என்பதைக் கண்டார்கள். 1961-ல் அதை விளக்கினார்கள், 1965-ல் ஆந்த்ரே ல்வோஃபோடு நோபல் பரிசு வந்தது. தட்டில் அந்த இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த சுவிட்ச் வேலை செய்ததைத்தான் பார்க்கிறோம்.

ஐந்தாம் படி: நான்கு குழாய்ச் சோதனை

இளஞ்சிவப்புக் காலனி என்றால் ஈ.கோலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், க்ளெப்சியெல்லாவும் இளஞ்சிவப்புதான், கொஞ்சம் கொழகொழவென்று சளி போல இருக்கும், அவ்வளவே வித்தியாசம். 1885-ல் எஷெரிஷ் பிரித்த அதே ஜோடி. அடுத்த கட்டமாக ஆக்சிடேஸ் என்ற நொதிக்கான சோதனையில் நெகட்டிவ் என்று உறுதி செய்துகொண்டு, இம்விக் என்று சுருக்கிச் சொல்லும் நான்கு சோதனைகளைப் போடுங்கள்.

முதலாவது இன்டோல். ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இன்டோல் செய்கிறதா என்று பார்ப்பது, கோவாக்ஸ் ரீஏஜென்ட் என்ற சோதனைத் திரவத்தை விட்டதும் மேலே செர்ரிச் சிவப்பு வளையம் வந்தால் பாசிட்டிவ். மலத்தின் நாற்றத்தில் இன்டோலுக்குப் பங்கு உண்டு, அதே இன்டோல் மிகக் கொஞ்சமாக மல்லிகைப் பூவின் வாசனையிலும் இருக்கிறது. அளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது மெத்தில் ரெட்: குளுக்கோஸிலிருந்து கலவையான அமிலங்களைச் செய்து, திரவத்தை நன்றாகப் புளிக்க வைத்தால் சிவப்பு. மூன்றாவது வோகஸ்-ப்ராஸ்கவர்: அமிலத்துக்குப் பதில் அசிட்டோயின் என்ற நடுநிலைப் பொருளைச் செய்கிறதா என்பது. நான்காவது சிட்ரேட்: சிட்ரேட்டை மட்டுமே கார்பன் உணவாக வைத்துக்கொண்டு காற்றில் வளர முடியுமா என்பது, வளர்ந்தால் பச்சை நிற அகார் நீலமாகும். ஈ.கோலிக்கு முதல் இரண்டும் பாசிட்டிவ், கடைசி இரண்டும் நெகட்டிவ். க்ளெப்சியெல்லா நிமோனியேவுக்கு இது அப்படியே தலைகீழ்.

சிட்ரேட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். காற்று இருக்கும் இடத்தில் சிட்ரேட்டை உண்ண முடியாது என்பது ஈ.கோலியின் அடையாளத்திலேயே ஒரு பகுதி. அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஒரே மூதாதையிலிருந்து வந்த ஈ.கோலியை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார், தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுத் திரவத்துக்கு மாற்றுவது, அவ்வளவுதான் வேலை. அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் மிகக் கொஞ்சம், சிட்ரேட் நிறைய. வருடக்கணக்கில் எதுவும் அதைத் தொடவில்லை. 31,000 தலைமுறைகளைத் தாண்டிய பிறகு, 2003-ல், ஒரே ஒரு குடுவை மட்டும் திடீரென்று கலங்கலாகிவிட்டது, அதிலிருந்தவை சிட்ரேட்டைத் தின்னக் கற்றுக்கொண்டிருந்தன. மற்ற 11 குடுவைகள் கற்கவில்லை. அப்படியென்றால் அந்தக் குடுவையில் இருப்பது ஈ.கோலிதானா? நம் நான்கு குழாய்ச் சோதனைப்படி அது தேறாது. வரையறை நம் வசதிக்காகப் போட்ட வேலி, அந்தப் பக்கம் இருக்கும் உயிர் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆறாம் படி: ஷிகெல்லா என்ற சிக்கல்

கியோஷி ஷிகா 1897-ல் ஜப்பானில் பரவிய சீதபேதிக்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டார், அவர் பெயரில் ஷிகெல்லா என்று தனிப் பேரினமே உண்டு, அதில் நான்கு சிற்றினங்கள். பெரும்பாலும் லாக்டோஸைத் தொடாது, நீந்தாது, சீதபேதி தரும். எனவே வேறு என்று பிரித்தார்கள். பின்னால் மரபணுக்களைப் படித்துப் பார்த்தால், ஷிகெல்லா ஈ.கோலியின் மரத்துக்குள்ளேயே, அதுவும் ஒரே கிளையாக இல்லாமல் பல இடங்களில், தனித்தனியாக முளைத்திருக்கிறது. மரபணுப்படி அது ஈ.கோலிதான். ஆனாலும் பெயரை மாற்றவில்லை, ஏனென்றால் "ஷிகெல்லா" என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் மருத்துவர் உடனே விழித்துக்கொள்வார், "ஈ.கோலி" என்று பார்த்தால் குடலில் இருப்பதுதானே என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு. வகைப்பாடு நோயாளிக்காக வளைந்து கொடுத்த இடம் இது, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஏழாம் படி: எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன

சிற்றினம் வரை வந்தாயிற்று. உண்மையான கேள்வி இனிமேல்தான்: எந்த ஈ.கோலி?

பழைய வழி சீரோடைப். வெளிச்சவ்வின் சர்க்கரைச் சங்கிலிக்கு ஓ, கசையிழைக்கு ஹெச், வெளியே உறை இருந்தால் அதற்கு கே. ஒவ்வொன்றும் எந்த ஆன்டிபாடியோடு (நோய் எதிர்ப்புப் புரதம்) ஒட்டுகிறது என்று பார்த்து எண் கொடுப்பார்கள். டென்மார்க்கில் ஃபிரிட்ஸ் காஃப்மன் 1940-களில் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். ஓ வகை மட்டும் 180-க்கு மேல் உண்டு, ஹெச் வகை 53. செய்தியில் வரும் ஓ157:ஹெச்7 என்பது இப்படி வந்த பெயர்தான். வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், வண்டி எது என்று தெரியும், டிக்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

எட்டாம் படி: குடும்ப மரத்தில் எந்தக் கிளை

புதிய வழி மரபணுவை வைத்து மரம் வரைவது. ஏ, பி1, பி2, சி, டி, ஈ, எஃப், ஜி என்று கிளைகள். சில குறிப்பிட்ட மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பி.சி.ஆர். (குறிப்பிட்ட டி.என்.ஏ துண்டை மட்டும் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்தே கிளையைச் சொல்லிவிடலாம், ஃபிரான்ஸின் ஒலிவியே க்ளெர்மோன் குழு 2000-ல் கொடுத்து 2013-ல் விரிவாக்கிய முறை அது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் பயன்படும் கே-12 என்ற ஈ.கோலி, ஏ கிளையைச் சேர்ந்தது. குடலுக்கு வெளியே, அதாவது சிறுநீர்ப்பையிலும் ரத்தத்திலும் தொற்று தருபவற்றில் நிறைய பி2 கிளை.

ஆனால் கிளையைப் பார்த்தும் குணத்தைச் சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போரின்போது, 1917-ல், உடன் இருந்தவர்கள் வயிற்றுப்போக்கில் விழுந்தும் நோயே வராமல் இருந்த ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஆல்ஃபிரெட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு ஈ.கோலியைப் பிரித்தெடுத்தார், அது இன்று வரை புரோபயாடிக் மருந்தாக விற்கிறது. அது பி2, ஓ6. சிறுநீரகத் தொற்று முற்றிய ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து எடுத்த சி.எஃப்.டி.073 என்ற ஈ.கோலியும் பி2, ஓ6. ஒரே கிளை, ஒரே ஓ எண், ஒன்று மருந்து, மற்றது நோய்.

இது எப்படி? 1997-ல் கே-12-ன் முழு மரபுத்தொகுதி வெளியானது, 46 லட்சத்துச் சொச்சம் டி.என்.ஏ எழுத்துகள், சுமார் 4,300 மரபணுக்கள். ஈ.கோலி என்றால் இதுதான் என்று நினைத்தோம். 2001-ல் ஓ157:ஹெச்7 வந்தபோது அது 55 லட்சம் எழுத்துகள். 2002-ல் கே-12, ஓ157:ஹெச்7, சி.எஃப்.டி.073 மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், மொத்தப் புரதங்களில் மூன்றுக்கும் பொதுவானவை 39 சதவீதம்தான். மீதியெல்லாம் அவரவர் வழியில் சேர்த்தது: பிளாஸ்மிட் என்ற குட்டி வளையங்கள் வழியாக, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் வழியாக. ஒரு ஈ.கோலி இன்னொன்றோடு ஒட்டி மரபணுவைக் கைமாற்றும் என்பதை ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும் 1946-லேயே காட்டிவிட்டார்கள். சொந்தமாகப் பிறப்பில் வந்தது பாதி, வழியில் வாங்கிக்கொண்டது பாதி.

ஒன்பதாம் படி: என்ன செய்கிறது என்று கேளுங்கள்

மருத்துவத்துக்கு வேண்டிய பிரிவு இது. குடலில் நோய் தருபவற்றில், காலரா நச்சைப் போன்ற ஒரு நச்சைச் சுரந்து தண்ணீராகப் போகவைக்கும் ஈடெக் வகை ஒன்று, ஏழை நாடுகளின் குழந்தைகளையும் ஊர் விட்டு ஊர் போகும் பயணிகளையும் அதிகம் பிடிப்பது அது. குடல் செல்லில் ஒட்டி அதன் மேற்பரப்பையே மேடையாக எழுப்பிக்கொள்ளும் ஈபெக், ஷிகெல்லா போலவே உள்ளே நுழையும் ஈயெக், செங்கல் அடுக்கியது போல ஒட்டும் ஈயேயெக். சிறுநீர்ப்பைச் சுவரின் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள நுனியில் கொக்கி உள்ள மயிர்கள் கொண்ட யூபெக், சாதாரண சிறுநீர்த் தொற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இதன் வேலைதான்.

ஈஹெக் என்ற வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஓ157:ஹெச்7 அதில்தான் வரும். 1982-ல் அமெரிக்காவில் ஒரேகான், மிச்சிகன் மாநிலங்களில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தமாகப் போனபோது முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். ஷிகெல்லாவின் நச்சான ஷிகா நச்சைச் செய்யும் மரபணுவை ஒரு வைரஸ் இதற்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மாட்டின் குடலில் மாட்டுக்கு ஒரு தொந்தரவும் தராமல் இருக்கும், நமக்கு நூறு செல்லுக்கும் குறைவாக உள்ளே போனாலே போதும், சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இதில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் நச்சு கூடலாம் என்பதால் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ரத்தம் கலந்து பேதியானால் கடையில் நாமாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

2011-ல் ஜெர்மனியில் நடந்தது இந்தப் பிரிவையும் உடைத்தது. 3,800 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டு 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது, விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள், கடைசியில் காரணம் பச்சையாகச் சாப்பிட்ட முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. கிருமி ஓ104:ஹெச்4. செங்கல் அடுக்காக ஒட்டும் வகை, ஆனால் ஷிகா நச்சு மரபணுவையும் வாங்கி வைத்திருந்தது, ஆக ஒரே நேரத்தில் இரண்டு பெட்டியிலும் உட்காரும். முளைகட்டுவதற்கு நாம் கொடுக்கும் ஈரமும் சூடும் பாக்டீரியாவுக்கும் அப்படியே பொருந்தும். முளைப்பயறை ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கே-12 இதில் எந்தப் பெட்டியிலும் இல்லை. 1922-ல் ஸ்டான்ஃபோர்டில் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிவந்த ஒருவரின் மலத்திலிருந்து எடுத்தது, ஆய்வகத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்து ஓ சர்க்கரையைக்கூட இழந்துவிட்டது. 1978-ல் மனித இன்சுலினைச் செய்தது அந்த வழிவந்த ஈ.கோலி, 1982-ல் அது மருந்தாகவே வந்துவிட்டது.

பத்தாம் படி: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

மல ரிப்போர்ட்டில் வெறுமனே ஈ.கோலி என்றிருந்தால் ஒன்றுமில்லை, அது அதன் வீடு. சிறுநீர் கல்ச்சரில் இருந்தால் எண்ணிக்கையைப் பாருங்கள், ஒரு மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல் என்பது வழக்கமான கோடு, எரிச்சல், காய்ச்சல் போன்ற அறிகுறியையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். கீழே மருந்துப் பட்டியலில் எஸ் என்றால் வேலை செய்யும், ஆர் என்றால் செய்யாது. ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ் என்றிருந்தால் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதியை அது வைத்திருக்கிறது என்று அர்த்தம். கார்பபெனம் என்ற கடைசிக்கட்ட மருந்தையும் உடைக்கும் என்.டி.எம்-1 நொதி பற்றி 2010-ல் வந்த பெரிய ஆய்வில் சென்னையில் எடுத்த ஈ.கோலியும் இருந்தன, ஆகவே இது எங்கோ நடக்கும் கதை இல்லை. கொடுத்த கோர்ஸை முழுதாக முடியுங்கள், மிச்ச மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் ரிப்போர்ட்டுக்கு அளவுகோல் வேறு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலி கூட இருக்கக் கூடாது. கோலிஃபார்ம் (ஈ.கோலியும் அதைப் போன்ற மற்ற பாக்டீரியாக்களும் சேர்ந்த கூட்டம்) மட்டும் இருந்தால் மண்ணிலிருந்தும் வந்திருக்கலாம், ஈ.கோலி இருந்தால் மனிதன் அல்லது மிருகத்தின் மலம் எந்த வழியிலோ கலக்கிறது. அந்த ஈ.கோலி சாதுவானதாகவே இருக்கலாம், ஆனால் அது வந்த வழியில் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வர முடியும், நாம் பயப்பட வேண்டியது அந்த வழிக்குத்தான். இன்னொன்று, ஈ.கோலி இல்லை என்று வந்தாலும் குளோரினைத் தாங்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி போன்றவை இல்லை என்று ஆகிவிடாது.

மாதிரி எடுக்கும் விதம் சரியில்லாவிட்டால் இதெல்லாம் வீண். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலையே வாங்குங்கள், அதைக் கழுவாதீர்கள். குழாய் வாயைத் துடைத்து, உலோகக் குழாய் என்றால் தீயில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறம் கை படாமல், மேலே கொஞ்சம் இடம் விட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள்.

அக்கா வீட்டில் போய்ப் பார்த்தபோது போர் குழாயின் மூடி உடைந்திருந்தது, சுற்றிலும் போட்ட சிமென்ட்டில் விரிசல், கழிவுநீர்த் தொட்டியும் பக்கத்திலேயே. மூடியை மாற்றி, விரிசலைப் பூசி, ப்ளீச்சிங் பவுடர் கரைசலை உள்ளே ஊற்றி, குளோரின் வாசனை போகும்வரை தண்ணீரை வெளியேற்றிய பிறகு மறுபடி மாதிரி எடுத்தோம். 100 மில்லியில் இல்லை என்று வந்தது. தொட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் மழைக்காலம் முடியும்வரை கொதிக்க வைத்துக் குடிக்கவும், முடிந்ததும் இன்னொரு முறை மாதிரி எடுக்கவும் சொல்லியிருக்கிறேன்.